காப்புக் கட்டுதல்

ரெம்ஷைடில் மழை, மூன்றாவது வாரம்.
மேசையில் ஐந்து துண்டுகள்,
ஒவ்வொன்றிலும் மார்க்கரில் ஓர் எண்.
உலைக்குள் ஆயிரத்து ஐம்பது டிகிரி.
வெளித்தகட்டில் இன்று காலை நூற்று நாற்பத்தொன்று.
அய்ஹானின் மணிக்கட்டில்
தகட்டு விளிம்பின் கோடு,
இரண்டு நாளாகப் பழுத்துக்கிடக்கிறது.

மடியில் நெருப்பைக் கட்டிக்கொள்ளாதே என்பார்கள்.
கட்டிக்கொள்ளத்தான் எனக்குச் சம்பளம்.
எந்தத் துணியில் என்பது மட்டுமே கேள்வி.

பாறைக் கம்பளி ஐந்தில் சேர்த்தியே இல்லை.
நல்ல பிள்ளைதான்,
எழுநூறு தாண்டினால் கூனிப்போகும்.
முதல் துண்டு செங்கல்; கையில் எடுத்தால் ரொட்டியின் எடை,
நகத்தால் கீறினால் மாவு.
சூடேற ஒரு ஷிப்ட், ஆற ஒரு ஷிப்ட் கேட்கிற பொறுமைசாலி.
நாங்களோ திங்கள் மூட்டி வெள்ளி அணைப்பவர்கள்.
சுண்ணாம்புப் பலகை தடிமன் கேட்கிறது.
உலைக்கும் கிரேன் தண்டவாளத்துக்கும் நடுவே
இருப்பது நாலு விரற்கடை.

நான்காவது, சாம்பல் நிறப் பலகை.
உள்ளே அறைகள். அறை என்றால் அவ்வளவு சிறியது:
காற்றின் ஒரு துகள் இன்னொன்றை
முட்டிச் சேதி சொல்லுமுன்
சுவரில் மோதிக்கொள்ளும்.
சூடு என்பது வதந்திதானே.
அக்கம்பக்கமே இல்லாத ஊரில் எப்படிப் பரவும்?

ஆனால் நீர் பட்டால் இடிந்துவிடும் அந்த ஊர்.
நிமிர்ந்து பார்த்தேன்.
கூரையின் வடமூலையில் ஒரு துளி,
நேர் கீழே டெட்லெஃப் வைத்த பெயிண்ட் வாளி.

ஐந்தாவதைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும்.
பழைய வெள்ளை நார்.
இந்த உலை பிறந்ததிலிருந்து உடுத்தியது அதைத்தான்.
மலிவு. எவ்வளவு சுட்டாலும் முகம் சுளிக்காது.
மூன்றாவதும் அதே வெண்மை, அதே மென்மை;
கண்ணை மூடித் தொட்டால் வித்தியாசம் தெரியாது.
மார்புக்குள் போனால் தெரியும்:
ஒன்று கரையும்,
ஒன்று தங்கும்.

விலையைக் கேட்டு ஃப்ராவ் கெர்லிங் மூச்சை உள்ளிழுத்தார்.
மூச்சைப் பற்றித்தான் நானும் பேசவந்தேன் என்றேன்.

பன்னிரண்டு ஆண்டு கழித்து ஒருவன் இதை உடைத்தெடுப்பான்.
இப்போது எங்கோ ஒரு வகுப்பில்
பின்னக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறான்.
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
ஒரு தடவை தும்முவான்.
அந்தத் தும்மலுக்கு இன்றைக்கே விலை போடச் சொல்கிறார்கள்.
போட்டேன்: சதுர மீட்டருக்குப் பதினெட்டு யூரோ கூடுதல்.
கரையும் நாரும் பல வருடம் வெந்தபின்
சாதுவாகவே இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது.
அதையும் எழுதினேன். தூசி தூசிதான்.

திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்
ஊரெல்லை தாண்டக் கூடாது.
வெப்பத்துக்கும் அதையே சொன்னோம்.
முதலில் கூரையை அடைத்தோம்.
பிறகு முகப்பில் மூன்றாவது நார்,
அதன் முதுகில் சாம்பல் பலகை, அலுமினியத் தாளில் பொதிந்து.
தகட்டை மூடுமுன் அதன் உட்புறத்தில்
பெயிண்ட் பேனாவால் எழுதினேன்:
என்ன பொருள், எந்த ஆண்டு, முகமூடியைக் கழற்றாதே.
ஜெர்மனில். பிறகு, ஏனோ, தமிழிலும்.

வெளித்தகடு ஐம்பத்திரண்டு.
உள்ளங்கையை வைத்தேன்,
எடுக்க மனமில்லை.

காலை ஷிப்டில் முணுமுணுப்பு.
ஸ்ட்ராவ்கோ ஈரக் கையுறைகளோடு முன்னால் வந்து நின்றான்.
இருபது வருடமாக அந்தத் தகட்டின் மேல்தான் அவை காய்ந்தன.
அய்ஹானின் பருப்புச் சூப் அதன் விளிம்பில்தான் கொதித்தது,
மணிக்கட்டைச் சுட்ட அதே விளிம்பில்.
"நல்ல உலையைக் கெடுத்துவிட்டீர்கள்."
அவன் சிரிக்கவில்லை.
சட்டியில் சூப் ஆடைகட்டிக் கிடந்தது.

வெளியே இன்னும் மழை.
ஃப்ராவ் கெர்லிங்குக்கு மறுபடி ஒரு படிவம்:
மின்சாரத்தில் சூடாகும் அலமாரி ஒன்று,
பன்னிரண்டு சோடிக் கையுறையும்
ஒரு சூப்புச் சட்டியும் கொள்ளும் அளவில்.
காரணம் என்ற கட்டத்தில்:
வெப்ப இழப்பு நிறுத்தப்பட்டது.